வளைந்த அடிப் பாதரட்சை

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் முல்லர், தென்கொரியாவின் நெல்வயல்களில் வெறுங்காலுடன் நடந்தபோது தமது முதுகுவலி தணியக் கண்டாராம். சேற்றிலே காலூன்றி உழைக்கும் நம் அங்கத்தினர்கள் இதைக் கேட்டு நகைக்கவுங்கூடும்! அந்த மென்னிலத்தின் தன்மையைக் காலணியில் அமைக்க முயன்று, சாய்ந்தாடும் நாற்காலியின் காலைப்போல் அடி வளைந்த எம்.பி.டி. பாதரட்சையை 1996-ல் வெளியிட்டார்.

குதிகால் ஊன்றியதும் பாதம் தானே முன்னோக்கி உருளும். விரல்கள் அதிகம் மடங்க வேண்டுவதில்லை. ஆதலால் பெருவிரல் மூட்டு விறைத்தவர்களுக்கு மருத்துவர்களும் இத்தகைய அடியைப் பரிந்துரைப்பதுண்டு. இச்சௌகரியம் மெய்யே.

அணிந்து நடந்தாலே உடல் இளைக்கும், தசை உரம்பெறும் என்று பின்னர் வந்த நிறுவனங்கள் விளம்பரம் செய்ததோ வேறு கதை. அதற்குத் தக்க ஆதாரமில்லையென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டவே, ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் 2012-ல் 4 கோடி டாலர் செலுத்த இசைந்தது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பிற்று. நடையில் தள்ளாடும் முதியோருக்கு இவ்வுருளும் அடி ஆகாது.