ஏட்டில் எல்லை, ஏலாவில் சாட்சி
இடைக்கால ஊர்களை அறியக் கல்வெட்டறிஞர் மட்டும் போதாது

பொன்முடிக்குப் போகிறவர்கள் வழியில் கல்லாற்றில் இறங்காமல் போவதில்லை. உருண்டு வழவழத்த பாறைகள், குளிர்ந்த நீர், சுற்றிலும் காடு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்த மூலையில் பழைய கோட்டை கொத்தளம் எதுவும் கண்ணில் படாது. ஆனால் அருகே உயரும் அகத்தியமலைத் தொடர்தான் சங்க காலப் பொதியில். ஆய் வேளிரின் மலை. அதன் தெற்கு அடிவாரம் ஒன்பதாம் நூற்றாண்டிலும் ஆய் மன்னர்களிடம் இருந்தது. அங்கே மக்கள் எப்படிக் குடியிருந்தார்கள்? எதைப் பயிரிட்டார்கள்?

ஒரு செப்பேடு பேசுகிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்றான். அங்கே திருமால் கோயில் எழுப்பிப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் அமைத்தான். திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த டி.ஏ. கோபிநாத ராவ் இதைப் பதிப்பித்தார். ஏட்டின் மொழி தமிழ்.

படித்துப் பொருள் சொல்வதோடு கல்வெட்டறிஞரின் வேலை முடிகிறது. நிலம் எங்கே என்று காட்ட வேறு ஆட்கள் வேண்டும். சோழர் செப்பேடுகளில் தானம் தந்த நிலத்தைப் பெண் யானை சுற்றி வரும்; எல்லையில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். ஏன் கள்ளி? ஆடு மாடு கடிக்காது, வறட்சி தாங்கும், ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். இதைச் சொல்லத் தாவரவியல் வேண்டும்.

காவிரிக் கரையில் இந்தக் கூட்டு முயற்சி பலன் தந்தது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா 1966இல் திருச்சிக்கு மேற்கே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரு பக்கத்து ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, வேளாண் ஊரிலும் பிராமண ஊரிலும் நில உரிமை வேறுபட்டதைக் காட்டினார். எ. சுப்பராயலு கல்வெட்டு ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திச் சோழ மண்டலத்தின் நாடுகளை வரைபடமாக்கினார். அந்த நூல் 1973இல் வெளிவந்தது. பல நாடுகளுக்கு ஆறு எல்லையாக இல்லை, நடுவே ஓடியது என்பது அப்போதுதான் புலப்பட்டது. அரசன் கிழித்த கோடு அல்ல, பாசனமும் உழவும் கூட்டிய ஊர்த்தொகுதியே நாடு.

ஆனால் காவிரிச் சமவெளியின் அளவுகோலை அப்படியே மலையடிவாரத்துக்குக் கொண்டுவர முடியாது. இங்கே இரு மேடுகளுக்கு நடுவே நீளும் பள்ளம் வயல். அதை ‘ஏலா’ என்பார்கள். மேட்டு நிலம் ‘விளை’. வீடுகள் தெருவாகக் கூடாமல் தத்தம் தோட்டத்துக்குள் நிற்கும். பழைய ஆவணங்களின் இத்தகைய நிலச் சொற்கள் கன்னியாகுமரியிலும் தெற்குத் திருவனந்தபுரத்திலும் ஊர்ப்பெயர்களாக இன்னும் வழங்குகின்றன.

சிக்கல் அங்கேதான். 1956 மாநிலப் பிரிவினையில் பார்த்திவபுரம் தமிழகத்துக்கு வந்தது; கல்லாறு கேரளத்தில் நின்றது. தமிழ்த்துறை ஒருபக்கம், மலையாளத்துறை மறுபக்கம். நிலமோ ஒன்றுதான்.

காலமும் காத்திருக்காது. பள்ளங்களை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டுகிறார்கள். நெல்வயல், நீர்நிலைகளைக் காக்கக் கேரளம் 2008இல் சட்டம் இயற்றியது. அதன் அக்கறை சாகுபடியும் சூழலும். ஏலா தூர்ந்தால் நெல்லோடு வாய்க்கால் வழியும் வரப்பும், அவற்றைச் சுட்டும் பெயரும் போய்விடும். அதன்பின் செப்பேட்டில் எழுத்து இருக்கும். அது சொல்லும் இடம் இருக்காது.