படம் காட்டும் வடுவும் பதுங்கியிருக்கும் வைரஸும்

மூளையின் உட்புறம் வெண்மையாகத் தோற்றமளிப்பதற்குக் காரணம், நரம்பிழைகளைச் சூழ்ந்துள்ள மயலின் எனும் கொழுப்புறையாகும். வெண்சடப்பொருள் எனப்படும் இப்பகுதியில் அவ்வுறை அழிந்தால் கை, கால் தளரும், பார்வை மங்கும், பேச்சுக் குழறும்.

வயதுவந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடலில் ஜே.சி. வைரஸ் குடியிருக்கின்றது. 1971 இல் இனங்காணப்பட்ட இவ்வைரஸ் சிறுநீரகத்தில் தொல்லையின்றி அடங்கிக் கிடக்கும். நோயெதிர்ப்புச் சக்தி வீழ்ச்சியடைந்தால் மாத்திரமே அது மூளையில் பெருகி, மயலினை உருவாக்கும் கலங்களை அழிக்கின்றது. எயிட்ஸ் பரவிய 1980களில், அதுவரை மிக அரிதாயிருந்த இந்நோய் வைத்தியர்களுக்குப் பரிச்சயமாயிற்று.

பின்னர் அது மருந்தொன்றின் வழியாகவும் வந்தது. மயலினைத் தாக்கும் மற்றொரு நோயான மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு வழங்கப்பட்ட நடாலிசுமாப், இவ்வைரஸ் நோய் தோன்றியதால் 2005 பெப்ரவரியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதனால் பயனடைந்த நோயாளர்களோ அம்மருந்து மீண்டும் வேண்டுமென வாதாடினர். ஆபத்தை அறிந்தே அவ்வாறு கோரினர் என்பது கவனிக்கத்தக்கது. 2006 ஜூனில் கடும் கண்காணிப்புடன் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அக்கண்காணிப்பின் கண்ணாக விளங்குவது எம்.ஆர்.ஐ. ஸ்கானாகும்.

ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது நம்மிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. உண்மையில் எம்.ஆர்.ஐ. வைரஸைக் காண்பதில்லை, திசுக்களிலுள்ள நீரையே அது காண்கின்றது. மயலின் அழிந்த இடத்தில் நீரின் அளவு கூடுவதால், அவ்விடம் படத்தில் வெண்திட்டாகத் தெரிகின்றது. நீரின் அசைவை அளக்கும் மற்றொரு முறையில், புதிதாக அழிந்துகொண்டிருக்கும் கலங்கள் திட்டின் விளிம்பில் ஒளிர்வதுண்டு. நோய் எத்திசையில் பரவுகின்றது என்பதை அவ்விளிம்பு உணர்த்தும்.

சிக்கல் யாதெனில், மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸும் இத்தகைய திட்டுக்களையே உண்டாக்கும். பழைய நோயின் வடு எது, வைரஸின் கைவரிசை எது? மருந்தை ஆரம்பிக்கும்போது எடுத்த படம் கையிலிருந்தால் மாத்திரமே புதிய திட்டைப் பிரித்தறிய முடியும். அப்போதும் முண்ணாணைச் சூழ்ந்த திரவத்தில் வைரஸின் மரபணுவைத் தேடியே நோய் உறுதிசெய்யப்படுகின்றது.

இவ்வைரஸை அழிக்கும் மருந்து இன்னமும் இல்லை. செய்யக்கூடியது, நடாலிசுமாப்பை நிறுத்தி உடலின் எதிர்ப்புச் சக்தியை மீளச் செய்வதே. அச்சக்தி திரும்பும் வேகமே மூளையில் அழற்சியை மூட்டுவதும் உண்டு. ஆகவேதான் ஆபத்து அதிகமுள்ளோருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கப்படுகின்றது. அறிகுறி தோன்றுமுன்னரே திட்டுக் கண்டறியப்பட்டவர்களில் உயிர் பிழைத்தோர் அதிகம். அவர்களுக்கு எஞ்சிய ஊனமும் குறைவு.