வெண்பனி வீதியில் மோட்டார்ப் பயணம்

எமது கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றனர். புதிதாக வந்து சேரும் இளைஞர் காரோட்டும் அனுமதிப்பத்திரத்தை விரைவிற் பெற்றுவிடுகின்றனர். ஆயின் குளிர்காலத்திற் காரினுள் எவற்றை வைத்திருத்தல் வேண்டும் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் அரியர். யாழ்ப்பாணத்தில் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் இறங்கி நடந்து, கண்ணிற் பட்ட முதற் படலையைத் தட்டுவோம். அப்பழக்கத்தை அங்குங் கொண்டு சென்றால் அது உயிருக்கே உலையாகும். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2010 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆந் திகதி, ஒன்ராறியோவின் தென்மேற்கிலே சார்னியா நகருக்கு அண்மையில், 402 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 300 பேருக்கு மேற்பட்டோர் வெண்பனியில் அகப்பட்டனர். சிலர் ஒரு முழு நாளுக்கு மேலாகத் தத்தம் வண்டிகளிலேயே கிடந்தனர். அவர்களை மீட்க இராணுவ ஹெலிகொப்டர்கள் வரவழைக்கப்பட்டன. அவ்விடம் காடுமன்று, மலையுமன்று, சமதரையான கமநிலம். அருகிலுள்ள ஹியூரன் ஏரியே காரணம். ஏரி உறையுமுன் அதன்மேல் வரும் கடுங்குளிர்க் காற்று நீராவியை வாரிக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டுகின்றது. ஓரிடத்தில் வெயில் எறிக்கும். சில மைல் சென்றதும் முன்னே செல்லும் வண்டியின் விளக்கும் புலப்படாது. புறப்படும்போது வானம் தெளிவாயிருந்தது என்பதை நம்பிப் பயனில்லை.

இத்தகைய வேளையிற் செய்யத்தக்கது வண்டியை விட்டு அகலாதிருத்தலே. சுழன்று வீசும் பனியில் திசை தெரியாது. தேடி வருவோர்க்கும் தனித்து நடக்கும் மனிதனிலும் வண்டியே எளிதிற் புலப்படும். எனவே நாம் சேர்க்கும் பொருள்கள் வண்டியை மீட்பதற்கென்றல்ல, ஓரிரவு அதனுள் உயிரோடிருப்பதற்கென்றே கொள்ளுதல் வேண்டும். கடைகளில் விற்கும் ஆயத்தப் பெட்டிகளில் யாம் கண்டவற்றுட் கம்பிகளும் கருவிகளுமே மிகுதி. போர்வையைக் காண்பது அரிது.

ஆளுக்கொரு கம்பளிப் போர்வை முதலில் வேண்டும். நம்மவர் கலியாண வீட்டுக்குச் செல்லும்போது, கார்தான் சூடாயிருக்கின்றதே என்று பட்டுச் சேலையும் மெல்லிய செருப்புமாகப் புறப்பட்டுவிடுவர். அவர்க்குரிய தடித்த சப்பாத்து, காலுறை, கையுறை, தொப்பி யாவும் வண்டியில் இருத்தல் வேண்டும். பெற்றோலை அரைத் தாங்கிக்குக் கீழே குறைய விடலாகாது. பெற்றோல் தீர்ந்தால் வண்டியினுட் சூடும் தீர்ந்தது.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. நின்ற வண்டியின் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால், இயந்திரத்தில் உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயு வெளியேற வழியின்றி உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்துடன் இதனைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, குமட்டல், பின்பு உறக்கம். களைப்பினால் உறங்குகின்றோம் என்றே அகப்பட்டவர் எண்ணுவர். ஆதலின் இயந்திரத்தை இயக்குமுன் ஒவ்வொரு முறையும் இறங்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுக. மணிக்கொருமுறை பத்து நிமிடம் மாத்திரம் இயக்குக. காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரலளவு திறந்துவைக்க. மின்சாரக் காருக்குப் புகைக்குழாயில்லை, இவ்வபாயமுமில்லை. எனினும் குளிரில் அதன் மின்கலம் விரைந்து குறையுமாதலின், வண்டி முழுவதையும் விடுத்து ஆசனத்தை மாத்திரம் சூடாக்குதல் நன்று.

பனி அள்ளும் சவளின் பெருமை இப்போது விளங்கும். எமது முதற் குளிர்காலத்தில் அதனைக் காரின் பின்புறப் பெட்டியுள் வைத்துப் பூட்டிவிட்டுப் பெரிய ஆயத்தக்காரர் என்று இறுமாந்திருந்தோம். காரைக் கழுவிய மறுநாள் பூட்டு உறைந்துவிட்டது. சவள் உள்ளே, யாம் வெளியே. வீட்டு வாசலில் நிகழ்ந்தபடியால் அது சிரிப்போடு போயிற்று. அன்று தொட்டுச் சவளும் போர்வைகளும் பின்னாசனத்தடியிலேயே இருக்கின்றன.

ஏனையவை யாவரும் அறிந்தவை: ரோச் விளக்கு, விசில், ஏரியலிற் கட்டச் செந்நிறத் துணி, பற்றறிக்கு உயிரூட்டும் கம்பிகள், சில்லின் கீழ்த் தூவ மணல், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றி, மறை 40 பாகை வரை உறையாத கண்ணாடி கழுவும் நீர். ஆழமான பேணியொன்றும், மெழுகுவர்த்தியும், நெருப்புப்பெட்டியும் இருந்தால் பனியை உருக்கிக் குடிக்கலாம். அப்போதும் கண்ணாடி சற்றே திறந்திருத்தல் வேண்டும். குளிர்கால ரயர் கியூபெக்கிற் பதிவுசெய்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அவ்வாறில்லை, ஆயினும் 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிப் பிடிமானம் இழக்குமாதலின் வாங்குதலே புத்தி.

உணவு சிறிதாயினும் போதும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் நெடுஞ்சாலை உறைந்தபோது, செனற் சபை உறுப்பினர் ரிம் கெயின் 27 மணி நேரம் காரில் அகப்பட்டிருந்தார். புளோரிடாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தார் வண்டி வண்டியாக நடந்து தோடம்பழம் வழங்கினர்; அவருக்கும் ஒன்று கிடைத்தது. நாம் கொட்டைப்பருப்பும் சொக்கிலேற்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதத்துக்கொருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். எம் வீட்டிற் சொக்கிலேற் தைப்பொங்கல் வரை நிலைத்ததாக வரலாறில்லை.