காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கம்

கலஹாவில் எங்கள் வாப்பா வெல்டிங் வேலை செய்கிறார். கேட், ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைபிடி, கூரைச் சட்டம் என்று தெல்தோட்டையிலிருந்து பேராதனை வரை வீடு வீடாகச் சென்று பொருத்திக் கொடுப்பார். அவருக்குக் கம்பனியும் இல்லை, முதலாளியும் இல்லை. அவரும், உதவிக்கு ஓர் இளைஞரும், ஒரு வெல்டிங் இயந்திரமும்தான் முழுத் தொழிலும்.

சில மாதங்களுக்கு முன் கண்டியில் ஒரு கொந்தராத்துக்காரர், "பாஸ், பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தால்தான் இனி வேலை தரலாம்" என்று சொல்லிவிட்டார். வாப்பா ஒரு முகவரைக் கண்டு கதைத்து, மாதிரிப் பத்திரமொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முழுவதும் ஆங்கிலம். "மகள், இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களே" என்று என் கையில் தந்தார். அன்றிரவு வாசித்து விளங்கிக்கொண்டதையும், பின்னர் தேடி அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருடைய வாப்பாவோ நானாவோ மாமாவோ மேசனாக, ஓடாவியாக, வயரிங் வேலை செய்பவராக இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

பொறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒருவர் தமது கவனக்குறைவால் இன்னொருவருக்குக் காயமோ சொத்து நட்டமோ ஏற்படுத்தினால் அவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். இலங்கையில் இந்தக் கடமை உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக நமக்கு வந்தது. அதன் வேர் பண்டைய உரோமாபுரியின் அக்குயிலியச் சட்டத்தில் இருக்கிறது. கம்பனி நடத்துபவருக்கும் தனி ஆளாக வேலை செய்பவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆனால் தனி ஆளின் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. கேட் வேலையில் வந்த நட்டத்துக்கு வீட்டுக் காணியே பதில் சொல்ல நேரலாம்.

மோட்டார் சைக்கிள் ஒன்றை வீதியில் ஓட்டுவதற்கே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி வேண்டும். வெல்டிங் பாஸுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர் விரும்பி எடுப்பதுதான் பொறுப்புக் காப்புறுதி. பத்திரத்தின் முதற் பக்கம் சொல்வது இதுதான்: தொழில் செய்யும்போது தற்செயலான விபத்தால் மற்றவருக்குக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டு, நீங்கள் சட்டப்படி நட்டஈடு கொடுக்க நேர்ந்தால், குறிப்பிட்ட தொகைவரை கம்பனி கொடுக்கும்.

வாசித்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினேன். "கீழ்வருவனவற்றுக்கு இப்பத்திரம் பொருந்தாது" என்று ஒரு நீண்ட பட்டியல். இவற்றை விலக்குகள் என்பார்கள். வாப்பாவின் ஒரு நாள் வேலையை அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருக்கு நேரக்கூடிய விபத்துகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் இருந்தன.

விலக்குகள் என்ன சொல்கின்றன?

முதலாவது, தீப்பொறி. தமது வேலைத்தளத்துக்கு வெளியே வெல்டிங், காஸ் கட்டர் போன்ற வெப்ப வேலை செய்வதால் ஏற்படும் தீ, பல பத்திரங்களில் நீக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் வீட்டில் கிரில் பொருத்தும்போது பொறி பறந்து திரைச்சீலை பற்றிக்கொண்டால், அந்த வீட்டுக்கான நட்டஈடு பாஸின் தலையில்தான். சில பத்திரங்கள் முற்றாக நீக்காமல் நிபந்தனை விதிக்கும்: அருகே தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், வேலை முடிந்தபின் குறித்த நேரம்வரை அங்கேயே நின்று கவனிக்க வேண்டும். நிபந்தனையை மீறினாலும் முடிவு விலக்கைப் போன்றதே.

இரண்டாவது, கையிலிருக்கும் பொருள். திருத்துவதற்காக வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்த வாடிக்கையாளரின் கேட் சேதமானால் பத்திரம் பொருந்தாது. நம் பொறுப்பிலுள்ள பொருளும், நாம் வேலை செய்துகொண்டிருக்கும் பகுதியும் பெரும்பாலும் நீக்கப்படும். பக்கத்தில் நின்ற வாகனத்தில் கேட் விழுந்தால் வாகனத்துக்குக் காப்புறுதி உண்டு, கேட்டுக்கு இல்லை.

மூன்றாவது, உதவியாள். உதவிக்கு வந்த இளைஞர் ஏணியிலிருந்து விழுந்தால், அவர் இந்தப் பத்திரத்தின் கண்ணில் "மூன்றாம் ஆள்" அல்லர், ஊழியர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலை காரணமாக ஏற்படும் விபத்துக்கு அவரை வேலைக்கமர்த்தியவரைப் பொறுப்பாக்குகிறது. அந்தப் பொறுப்புக்கு வேறொரு காப்புறுதி எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு இரண்டும் இருப்பதாக நினைத்திருப்பவர்கள் பலர்.

நான்காவது, முடிந்த வேலை. கேட்டைப் பொருத்திப் பணமும் வாங்கி ஆறு மாதம் கழிந்தபின் பிணைச்சல் விட்டு அது ஒரு பிள்ளையின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல பத்திரங்கள் வேலை நடக்கும் காலத்தை மட்டுமே காக்கும். ஒப்படைத்த வேலையால் பின்னர் வரும் நட்டத்துக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். மேலும், பிழையாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும் செலவை எந்தப் பொறுப்புக் காப்புறுதியும் பொதுவாக ஏற்பதில்லை.

ஐந்தாவது, மலைநாட்டவராகிய நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பெரிய கட்டட வேலைகளுக்கு எடுக்கும் ஒப்பந்தக்காரர் காப்புறுதிக்கு ஜெர்மனியின் மியூனிக் மீள்காப்புறுதிக் கம்பனி வகுத்த மாதிரி வாசகம் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதன் மூன்றாந்தரப்புப் பகுதியில், அதிர்வாலோ, நிலத்துக்கோ கட்டடத்துக்கோ இருந்த தாங்குதலை அகற்றியதாலோ பலவீனப்படுத்தியதாலோ வரும் சேதம் நீக்கப்பட்டிருக்கிறது. சமவெளியில் இது சிறிய விடயமாகத் தோன்றலாம். நம் பக்கத்தில் வீடு கட்டுவதே மண்ணை வெட்டிச் சமப்படுத்துவதில்தான் தொடங்குகிறது. மேசன் பாஸ் கீழே மண் வெட்ட, மேலே அயலவரின் மதில் வெடித்தால், அவருக்கு நேரக்கூடிய மிகப் பெரிய நட்டம் அதுவாகத்தான் இருக்கும். பத்திரத்தில் அது இல்லை. மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தித் தனி இணைப்பு ஒன்றால் அதைத் திரும்பச் சேர்க்கலாம். அதற்கும், வேலை தொடங்குமுன் அயல் கட்டடத்தின் நிலையை அறிக்கையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏன் நீக்குகிறார்கள்?

எல்லா விலக்குகளையும் ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது. பிழை வேலையைத் திருத்தும் செலவையும் கம்பனி கொடுப்பதென்றால், கவனமாக வேலை செய்பவரின் பணம் கவனமில்லாதவருக்குப் போகும். ஊழியர் காயம் வேறு பத்திரத்துக்கு உரியது. வெப்ப வேலையின் ஆபத்து அதிகம் என்பதால் அதைச் செய்யாத தச்சரிடமும் அதே கட்டணத்தை வாங்க முடியாது. தகாபுல் முறையிலும் பங்களிப்போரின் பொது நிதியைக் காப்பதற்காக இத்தகைய விலக்குகள் வைக்கப்படுகின்றன. ஆகவே தகாபுல் எடுத்தவர்களும் பின்பக்கத்தை வாசிக்கத்தான் வேண்டும்.

பெரிய அனர்த்தம் ஒன்று நடந்தால் விலக்குகள் கூடும். 2017 ஜூன் 14 அன்று இலண்டன் கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பில் ஏற்பட்ட தீயில் 72 பேர் உயிரிழந்தார்கள். வெளிச்சுவரில் பொருத்திய எரியக்கூடிய தகடுகள் தீயைப் பரப்பின. அதன்பின் பிரித்தானியாவில் கட்டடத்துறையினரின் தொழில்சார் பொறுப்புப் பத்திரங்கள் பலவற்றில் வெளிச்சுவர்த் தகடும் தீப் பாதுகாப்பும் நீக்கப்பட்டன. பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது வாசகம் மாறியிருக்கக்கூடும் என்பதே நமக்கு அதிலுள்ள பாடம். சென்ற வருடம் இருந்தது இந்த வருடமும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கோட்டுக்குப் போனால்?

வாசகம் இருபொருள்படுமானால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டக் கொள்கை. 1987இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஸ்கண்டியா காப்புறுதிக் கம்பனி வழக்கில் இன்னும் ஒரு படி சென்றது. லொறிச் சாரதி வண்டியைக் கிளீனரிடம் விட்டு இறங்கிச் சென்ற வேளையில், அனுமதிப்பத்திரமற்ற அந்தக் கிளீனர் அதை ஓட்டி விபத்து ஏற்பட்டது. அனுமதிப்பத்திரமற்றவர் ஓட்டியதற்குப் பொறுப்பில்லை என்றது கம்பனி. காப்புறுதியின் பிரதான நோக்கத்தையே அழிக்கும் வகையில் விலக்கை வாசிக்கக் கூடாது என்று கூறி, நீதிமன்றம் கம்பனியைக் கொடுக்கச் சொன்னது. ஆனால் அது சட்டம் கட்டாயமாக்கிய வாகனக் காப்புறுதி. நாம் விரும்பி எடுக்கும் பத்திரத்தில், தெளிவாக எழுதிய விலக்கை நீதிமன்றம் தளர்த்தும் என்று நம்பியிருக்க முடியாது. வருடக்கணக்கில் வழக்குப் பேச நாட்கூலிக் குடும்பத்தால் இயலவும் இயலாது.

கம்பனியின் தீர்மானம் அநியாயமென்று பட்டால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதன்பின் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமோ செல்லலாம்.

என்ன கேட்க வேண்டும்?

வாப்பாவுக்கு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்:

1. வாடிக்கையாளர் வீட்டில் வெல்டிங் செய்தால் தீக்குப் பொருந்துமா? என்ன நிபந்தனை?
2. எத்தனை அடி உயரம்வரை வேலை செய்யலாம்?
3. உதவியாளுக்கு எந்தப் பத்திரம்?
4. ஒப்படைத்த வேலையால் பின்னர் விபத்து வந்தால்?
5. ஒவ்வொரு நட்டத்திலும் முதலில் நாம் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு?

பதில்களை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்கும்படியும் சொன்னேன். விண்ணப்பத்தில் "இரும்பு வேலை" என்று மட்டும் எழுதாமல், வெளியிடங்களில் வெல்டிங் செய்வதையும் உயரத்தில் ஏறுவதையும் மறைக்காமல் எழுதவேண்டும். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. முக்கியமான ஒன்றை மறைத்தால் பத்திரமே செல்லாமல் போகலாம்.

முகவர் தாளைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு கம்பனியிடம் கேட்டு, கூடுதல் கட்டுப்பணத்துக்கு வெப்ப வேலையைச் சேர்த்துத் தந்தார். உதவியாளுக்கு வேறு பத்திரம் எடுத்தோம். ஒப்படைத்த வேலையைச் சேர்க்கும் கட்டணம் எங்களுக்கு எட்டவில்லை. அது இல்லை என்பது தெரிந்திருப்பதால், வாப்பா இப்போது ஒவ்வொரு கேட்டையும் பொருத்தியபின் பிணைச்சலைப் படம் பிடித்து வைக்கிறார். ஆறு மாதத்துக்கொரு தடவை போய்ப் பார்த்தும் வருகிறார்.

இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள், சகோதரிகளே. பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.