கோயம்பேடு போய்த் திரும்பும் கத்தரிக்காய்

மணவாள நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பறித்த காய், விடியுமுன்னே வண்டியேறி நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள கோயம்பேடு போகிறது. நம்மூர்க் கடைக்காரரும் அங்கேதான் சரக்கு எடுக்கப் போகிறார். ஆக, இங்கே விளைந்தது அங்கே போய் இங்கேயே திரும்புகிறது. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், வாடல் எல்லாம் உழவர் தலையில். நஞ்சில்லாமல் விளைவித்த காயும் மண்டியில் மற்ற காயோடு சேர்ந்து அடையாளம் இழக்கிறது. சாகுபடியை மாற்றிவிட்டோம், விற்கிற முறையை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

ஒரே வாசலை நம்பினால் என்ன ஆகும் என்று 2020 காட்டியது. கொரோனாவால் மே 5-ம் தேதி கோயம்பேடு மூடப்பட்டது. சில நாளில் நம் மாவட்டத்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கியது. செப்டம்பர் 28-ம் தேதிதான் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அதுவரை மழையிலும் சேற்றிலும் காய் வீணானதை எல்லோரும் பார்த்தோம்.

மளிகைக் கடை சொன்ன பாடம்

நம் பக்கத்திலேயே மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறது. பெரிய ஆலைகளில் உதிரிபாகத்தைக் குவித்து வைப்பதில்லை. தேவை எவ்வளவோ அவ்வளவு, தேவைப்படும் நேரத்தில் வர வேண்டும் என்று பார்ப்பார்கள். இந்த முறையை வளர்த்தவர் டொயோட்டா கம்பெனியின் தாயிச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த அளவுக்குத்தான் அலமாரியை நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அவருக்கு இந்த யோசனை பிறந்தது. காய்கறி விற்ற கடையிடம் கார் கம்பெனி கற்றுக்கொண்டது. அதைக் காய் விளைவிக்கிற நாம் கற்றுக்கொள்ளக் கூடாதா?

எதை மாற்றலாம்?

முதலில் ஆர்டர், பிறகு அறுவடை. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 40 குடும்பம், வாரம் 4 கிலோ காய். மொத்தம் 160 கிலோ. ஐந்து உழவர் சேர்ந்தால் ஆளுக்கு 32 கிலோ. ஐந்து பேரும் தனித்தனியாக வண்டி எடுக்க வேண்டாம், ஒரு குட்டி யானை ஒரே நடையில் கொண்டுபோய்விடும். சென்னையில் வாடிக்கையாளர் இருந்தால் திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, புறநகர் ரயிலின் வெண்டர் பெட்டியில் கூடை ஏறும்.

விதைப்பும் அதற்கேற்ப மாறணும். ஒரே நாளில் முழு நிலத்தையும் வெண்டை போட்டால் ஒரே வாரத்தில் குவியும். பதினைந்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாகப் போடுங்க. மிஞ்சும் காயை வத்தல் போடவும் முன்கூட்டியே ஏற்பாடு வேணும்.

தரம் பிரிப்பது தோட்டத்திலேயே நடக்கட்டும். கழிவு அங்கேயே உரக்குழிக்கும் மாட்டுக்கும் போகும். கோணியில் திணித்தால் காய் நசுங்கும். திரும்பத் திரும்பப் பயன்படும் கிரேட் வாங்கினால் சேதம் குறையும்.

நெல்லை அரிசியாக்கி விற்றுப் பாருங்க. 75 கிலோ மூட்டை நெல்லில் சுமார் 50 கிலோ அரிசி கிடைக்கும். தவிடும் உமியும் ஊரிலேயே தங்கும்.

நம்பிக்கைக்கு பி.ஜி.எஸ். சான்று இருக்கிறது. குறைந்தது ஐந்து உழவர் ஒரு குழுவாகி, ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் முறை இது. மாற்றக் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’, பிறகு ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’.

ஆலைகளின் கேன்டீனையும் மறக்காதீங்க. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. தினமும் சமைக்கும் இடம், நிச்சயமான தேவை. ஆனால் பணம் எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே காய் அனுப்புங்க.

கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும்

இடைத்தரகரை விலக்கினால் அவர் செய்த வேலை மறைந்துவிடாது. பில் போடுவது, வண்டி பிடிப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் இனி நம் வேலை. அதைச் செய்யும் ஆளுக்குக் கூலி உண்டு என்று முதல் நாளே முடிவு செய்யுங்க. கிலோவுக்கு உழவருக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, பொது நிதிக்கு எவ்வளவு என்று எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி ஒட்டுங்க. கணக்கில் ஒளிவுமறைவு வந்தால் ஒற்றுமை நிலைக்காது.

இந்த வாரமே பக்கத்து நிலத்துக்காரர் நான்கு பேரோடு உட்காருங்க. யாரிடம் என்ன காய், எந்த மாதம் வரும் என்று ஒரு தாளில் எழுதுங்க. அடுத்த விதைப்பை அந்தத் தாளைப் பார்த்துத் தொடங்குங்க.