புவியின் நிறையை அளந்த தராசு

மரத்தினின்று உதிரும் கனி மண்ணை நோக்கி விழுவதற்கும், மதி புவியை வலம் வருவதற்கும் காரணம் ஒன்றே என்பதை 1687-இல் ஐசக் நியூட்டன் தம் 'பிரின்சிப்பியா' நூலில் நிறுவினார். இரு பொருள்களுக்கிடையே நிலவும் ஈர்ப்பு விசை, அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதே அவ்விதி.

விதி கிடைத்தது, ஆயினும் கணக்கு முற்றுப்பெறவில்லை. விகிதத்தை எண்ணாக்கும் ஈர்ப்பு மாறிலியும் தெரியாது. புவியின் நிறையும் தெரியாது. ஒன்றை அறிந்தாலன்றி மற்றொன்றை அறிய இயலாது. நிறை தெரிந்த இரு பொருள்களின் ஈர்ப்பை ஆய்வறையிலேயே அளப்பதுதான் இம்முடிச்சை அவிழ்க்கும் வழி. அவ்விசையோ மிக மிக நுண்ணியது.

1798-இல் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் அதனைச் சாதித்தார். ஜான் மிச்சல் என்பார் வகுத்த கருவியை அவர் செம்மைப்படுத்தினார். ஏறத்தாழ ஆறு அடி நீள மரக்கோலின் இரு முனைகளிலும் சிறு ஈயக்குண்டுகளைப் பொருத்தி, கோலை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோகிராம் நிறையுள்ள இரு பெருங்குண்டுகளை அவற்றின் அருகே கொணர்ந்தபோது, கோல் சிறிதே திரும்பியது. உடல் வெப்பத்தால் எழும் காற்றோட்டமும் அளவைக் கெடுக்குமென அஞ்சி, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் நோக்கினார். புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு எனக் கண்டார். இன்றைய மதிப்பு 5.51!

அச்சோதனையின் வழிவந்த எண்களைக் கொண்டு இன்று மாணவரும் விசையைக் கணக்கிடலாம். ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹. புவியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம், ஆரம் 6.37 × 10⁶ மீட்டர். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தரையில் நிற்கிறார் எனக் கொள்வோம். மாறிலியையும் இரு நிறைகளையும் பெருக்கி, ஆரத்தின் இருமடியால் வகுத்தால் ஏறத்தாழ 589 நியூட்டன் கிடைக்கும். அதே விசையால் அவரும் புவியை ஈர்க்கிறார் என்பது எண்ணத்தக்கது.

தொலைவை மையத்திலிருந்தே அளத்தல் வேண்டும், தரையிலிருந்து அன்று. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்கலத்தில் ஈர்ப்பே இல்லை எனப் பலரும் கருதுவர். ஆங்கு மையத்தொலைவு 6,770 கிலோமீட்டர். எனவே அதே மனிதர்மீது செயற்படும் விசை சுமார் 521 நியூட்டன். ஈர்ப்பு அற்றுப்போவதால் அன்று, கலமும் வீரரும் ஒருசேர வீழ்ந்துகொண்டே புவியைச் சுற்றுவதாலேயே அவர் மிதக்கிறார்.

விதியை அறிதல் ஒரு பாதி. அளந்து காண்டல் மறு பாதி. இரண்டிற்கும் இடையே 111 ஆண்டுகள் கடந்தன என்பதை அறிவியல் பயில்வோர் நினைவிற் கொள்க.