இருவர் ஓடும் ஓட்டம்



வடகீழ்ப் பருவமழை நாள்களில் லிங்கநகர் ஒழுங்கைச் சேற்றில் கணவனும் மனைவியும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நடப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய சேற்றில், மலைச்சரிவில், நாள் முழுவதும் ஓடுவதாக எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளைக் கடக்கும் ‘டிரான்ஸ்அல்பைன்’ ஓட்டம் 2005ஆம் ஆண்டு தொடங்கியது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஒரு வார ஓட்டம். இருவர் ஓர் அணியாய் ஓடுவர். ஆணும் பெண்ணும் இணைந்த அணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இருவரும் பிரியாது ஓடவேண்டும் என்பதே விதி. வலியவர் தனியே விரைந்து பயனில்லை. பின்வருபவர் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் அணியின் ஓட்டம் நிறைவுறும்.

ஆகவே அங்குக் கால்வலிமையினும் கண்ணோட்டமே பெரிது. ஏற்றத்தில் துணையின் சுமையைத் தாங்குவதும், வழுக்கும் இறக்கத்தில் சிற்றடி வைத்துக் காத்திருப்பதும், சோர்ந்தவரைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் ஓட்டத்தின் பகுதிகளே. கைகொடுப்பதினும் கடினமானது, நீட்டிய கையை வெட்கமின்றிப் பற்றுவது.

திருமணத் திருவருட்சாதனத்தில் நாம் அளித்த வாக்கும் இதுவன்றோ? நோயுற்ற ஆண்டிலும் தொழில் நலிந்த ஆண்டிலும் இருவரில் ஒருவர் பின்தங்குவார். இன்று உங்கள் இல்லத்தில் பின்தங்கி நிற்பவர் யார்? முன்சென்றவர் சற்றே நின்று, திரும்பி நோக்கி, கரம் நீட்டுவாராக.